கடைசி யூனிட்டின் விலை

நெருப்பே மூட்டாமல் மூன்று வேளைச் சமையலும் நடக்கிற வீடு ஒன்று இருக்கக்கூடும் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு யாரேனும் சொல்லியிருந்தால், விறகோடும் கரியோடும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடும் மல்லாடிய நம் பாட்டிமார் அதை ஒரு கதையாகவே கேட்டிருப்பார்கள். இன்றோ சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் அத்தகைய வீடுகள் கண்ணுக்குத் தென்படுகின்றன. சிலிண்டரை மூன்றாம் மாடிக்கு ஏற்றும் சிரமம், தனித்திருக்கும் முதியவர்கள் அடுப்பை மூட மறந்துவிடுவார்களோ என்ற பயம், உத்தியோக நிமித்தம் ஊர் ஊராக மாறுகிறவர்கள் கேஸ் இணைப்பையும் உடன் மாற்றிக்கொண்டு திரிய வேண்டிய தொல்லை என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு காரணம். இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர், வாஷிங் மெஷின், ஏ.சி. என்று சகலமும் ஒரே மீட்டரின் வழியாக ஓடும் இந்த வீடுகளில், இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில்லைப் பார்த்ததும் முதலில் எழுவது திகைப்பு. அடுத்தது, யார் எந்த விளக்கை அணைக்காமல் விட்டார்கள் என்ற விசாரணை. அந்த விசாரணை பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறது என்பதையும், பில்லின் சுபாவத்தை அறிந்துகொண்டால் வீட்டில் ஒருவருடைய சௌகரியத்தையும் பறிக்காமலே அதைக் கணிசமாகக் குறைக்கலாம் என்பதையும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

விளக்கை அணைக்கச் சொல்லும் வழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1932-இல் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கிய காலத்தில், வீட்டுக்குள் வந்த மின்சாரம் இரண்டொரு விளக்குகளை எரித்தது. வசதி படைத்தவர்களின் கூடத்தில் ஒரு விசிறியைச் சுழற்றியது. வேறு எதற்கும் அது பயன்படாத நாளில், சிக்கனம் விளக்கிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. 60 வாட் குண்டு பல்பு எரிந்த காலம் வரை அது நியாயமாகவும் இருந்தது. இப்போது அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. அப்படிப்பட்ட விளக்கு ஒன்று இரவில் பத்து மணி நேரம் வீணாக எரிந்தால் செலவாவது 0.09 யூனிட், காலையில் ஒருவர் ஒரு வாளி வெந்நீரில் ஸ்நானம் செய்வதற்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவாகிறது. விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான். அதை விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. ஆனால் மின்சாரமே எரிபொருளாகிவிட்ட வீட்டில் பணம் போகிற வழி வேறு. எங்கெல்லாம் ஒரு பொருளைச் சூடாக்குகிறோமோ, எங்கெல்லாம் காற்றைக் குளிர்விக்கிறோமோ, எங்கெல்லாம் ஒரு சாதனம் நாள் முழுவதும் ஓயாமல் ஓடுகிறதோ, அங்கெல்லாம்தான் அது போகிறது.

அந்த வழியைப் பின்தொடர்வதற்கு முன்பு கட்டணத்தின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டு உபயோகக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலையில் மற்றக் கட்டணங்கள் உயர்ந்தபோது வீடுகளுக்குரிய உயர்வை மாநில அரசே ஏற்றுக்கொண்டதால் அப்போதும் அது மாறவில்லை. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். இது 2016-இல் பிறந்த சலுகை. அதற்கு மேல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு; 400 வரை 4 ரூபாய் 70 காசு; 500 வரை 6 ரூபாய் 30 காசு. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் 600 வரை 8 ரூபாய் 40 காசு, 800 வரை 9 ரூபாய் 45 காசு, 1,000 வரை 10 ரூபாய் 50 காசு, அதற்கும் மேலே 11 ரூபாய் 55 காசு. இதோடு நின்றிருந்தால் படிப்படியாக உயரும் ஒரு சாதாரண ஏற்பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் ஐந்நூறைத் தாண்டிய குடும்பத்துக்கு, இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்துவந்த 2 ரூபாய் 35 காசு என்ற சலுகை விலையும் பறிபோய், அந்த நூறுக்கும் 4 ரூபாய் 70 காசே கணக்காகிறது. ஆகவே 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் செலுத்தும் குடும்பம், 501 யூனிட் ஆகிவிட்டால் 2,048 ரூபாய் 40 காசு செலுத்த வேண்டும். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, யூனிட்டுக்குச் சராசரி நான்கு ரூபாய்தானே என்று திருப்தியடைகிறவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். நாம் மிச்சப்படுத்தும் யூனிட் அடியிலிருந்து கழிவதில்லை, மேலிருந்து கழிகிறது. 700 யூனிட் செலவழிக்கும் வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய் 45 காசு. 300 யூனிட் செலவழிக்கும் வீட்டில் அதே யூனிட் அதில் பாதி விலைதான். எந்தச் சாதனத்தை வாங்கலாம், எதை மாற்றலாம், கேஸை விட்டுவிடலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை, உங்கள் வீட்டுக் கணக்கின் கடைசி யூனிட் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

சமையலறையையே முதல் உதாரணமாகக் கொள்வோம். 14.2 கிலோ எடையுள்ள ஒரு சிலிண்டரில் அடங்கியிருக்கும் உஷ்ணம் ஏறக்குறைய 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்தைச் சேர்கிறது. மீதி சமையலறைக் காற்றைச் சுட வைத்துவிட்டுப் போகிறது. இண்டக்‌ஷன் அடுப்பிலோ நூற்றுக்கு எண்பத்தைந்துக்குக் குறையாமல் பாத்திரத்தின் அடியிலேயே பிறக்கிறது. இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தால், ஒரு சிலிண்டர் செய்யும் காரியத்தை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்து முடிக்கச் சுமார் 140 யூனிட் வேண்டும். 2025 ஏப்ரலில் சென்னையில் ஒரு சிலிண்டரின் விலை 868 ரூபாய் 50 காசு ஆயிற்று. அந்த 140 யூனிட்டும் 4 ரூபாய் 70 காசுப் படியில் விழுந்தால் செலவு 658 ரூபாய், கேஸைவிட மலிவு. 6 ரூபாய் 30 காசுப் படியில் விழுந்தால் 882 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 9 ரூபாய் 45 காசுப் படியில் விழுந்தாலோ 1,323 ரூபாய். மின்சார அடுப்பு லாபமா நஷ்டமா என்று இரண்டு அண்டை வீட்டார் தர்க்கம் செய்யும்போது இருவருமே உண்மையைச் சொல்லக்கூடும். ஒருவர் வீட்டில் ஏ.சி. இல்லை, மற்றவர் வீட்டில் இரண்டு ஏ.சி. இருக்கின்றன, அவ்வளவே வித்தியாசம்.

அடுப்படியில் இன்னும் சற்று நேரம் நிற்பது பிரயோஜனமுள்ளது. ஒரு லிட்டர் தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர 0.084 யூனிட் உஷ்ணம் போதும். கொதித்த அந்த ஒரு லிட்டரை ஆவியாக்கி வெளியேற்ற 0.63 யூனிட், அதாவது ஏழு மடங்குக்கும் மேல், வேண்டும். கொதி வந்த பிறகும் முழு வேகத்தில் அடுப்பை எரியவிடுகிறவர்கள் சமைப்பதற்காகச் செலவழிக்கவில்லை. சமையலறைச் சுவரை நனைப்பதற்குச் செலவழிக்கிறார்கள். கொதிக்கும் சாம்பார் 2,000 வாட்டில் வைத்தாலும் 400 வாட்டில் வைத்தாலும் அதே நூறு டிகிரியில்தான் இருக்கும்; மூடி போட்டு வாட்டைக் குறைத்தால் பருப்பும் காயும் அதே நேரத்தில் வெந்துவிடும். ரசத்தை நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும் என்று நம் வீடுகளில் ருசிக்காகச் சொல்லிவந்த விதி, மின்சாரக் கணக்கிலும் சரியாகவே இருக்கிறது. துவரம்பருப்பைக் காய்கறி நறுக்குவதற்கு முன்பே ஊற வைப்பது, குக்கரில் அடுக்குப் பாத்திரங்களை ஏற்றிச் சாதத்தையும் பருப்பையும் ஒரே ஆவியில் எடுப்பது, இட்லித் தட்டுகள் அத்தனையையும் நிரப்பி ஒரே ஈடாக வேக வைப்பது, இறக்குவதற்குச் சில நிமிஷங்கள் முன்பே அடுப்பை அணைத்துவிடுவது ஆகிய இவையெல்லாம் பழைய அடுப்படி சாஸ்திரம்தான். விறகு அரிதாயிருந்த காலத்தில் பெண்கள் கண்டறிந்த யுக்திகள்.

பாத்திரங்களின் விஷயத்தில் மட்டும் பழைமை உதவுவதில்லை. காந்தம் ஒட்டாத பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. ஆகையால் ஈயச் சொம்பும் வெண்கலப் பானையும் கல்சட்டியும் அலுமினியக் குக்கரும் அதன்முன் செயலற்றுப்போகின்றன. இரும்பு தோசைக்கல், அடி தட்டையாக இருக்குமானால், அதில் மிக நன்றாகவே காய்கிறது. அடி வளைந்துபோன கல்லோ நடுவில் மட்டும் காய்ந்து ஓரத்தில் மாவை இழுத்துக்கொள்கிறது. பாத்திரக் கடைக்குப் போகும்போது ஒரு சிறிய காந்தத்தைக் கையோடு கொண்டுபோய் அடியில் ஒட்டிப் பார்த்து வாங்குவதே உத்தமம்.

இனி ஸ்நான அறை. ஒருவர் ஒரு வாளியில், 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்கிக் குளித்தால் 0.21 யூனிட் ஆகிறது. அவரே ஷவரைத் திறந்து நின்று 40 லிட்டரில் குளித்தால் 0.56 யூனிட். நான்கு பேர் கொண்ட குடும்பத்தில், அறுபது நாட்களில், வாளிக்கு 50 யூனிட். ஷவருக்கு 134 யூனிட். இந்த 84 யூனிட் வித்தியாசம் பல வீடுகளை ஐந்நூறு என்ற எல்லைக்கு இப்பாலோ அப்பாலோ நிறுத்தப் போதுமானது. கீசரை நாள் முழுவதும் போட்டே வைத்திருக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு; யாரும் ஒரு சொட்டும் பிடிக்காவிட்டாலும் தொட்டியிலிருந்து கசியும் உஷ்ணத்தை ஈடுசெய்ய அது நாளொன்றுக்குச் சுமார் அரை யூனிட்டைத் தின்றுவிடும்; ஒரு பில்லுக்கு 30 யூனிட். எல்லாரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு அணைத்துவிட்டால் இது முற்றிலும் மிச்சம். வெப்பநிலைத் திருகை அறுபதுக்கு மேல் வைத்துப் பிறகு அதில் பச்சைத் தண்ணீரை விளாவிக் குளிப்பதிலும் அர்த்தமில்லை. ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும்: மார்கழிக் குளிரில் மூட்டுவலியோடு எழுந்திருக்கும் தாத்தாவும் பாட்டியும் கூடுதலாக ஒரு வாளி வெந்நீர் கேட்டால், அதன் விலை, மிக உயர்ந்த படியிலும், இரண்டரை ரூபாய்தான். அதைக் கணக்குப் பார்த்து மறுக்கும் சிக்கனம் ஒரு குடும்பத்துக்கு வேண்டியதே இல்லை.

ஏ.சி.யைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். விசிறியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. பழைய மேற்கூரை விசிறி ஒன்று முழு வேகத்தில் 75 வாட் இழுக்கிறது. நம் சீதோஷ்ணத்தில் அது ஓயாமல் ஓடுவதால், சிறு சாதனமாயிருந்தும் பெரிய கணக்காகிவிடுகிறது. இப்போது கிடைக்கும் பி.எல்.டி.சி. விசிறி அதே காற்றைச் சுமார் 30 வாட்டில் தருகிறது. இதன் விளைவை ஓர் உதாரணக் குடும்பத்தில் காட்டுகிறேன். நால்வர், இரண்டு படுக்கையறை, கேஸ் கிடையாது. இரண்டு மாதத்துக்குச் சமையல் 180 யூனிட், மூன்று விசிறிகள் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் ஓடி 190, வெந்நீர் 50, பிரிட்ஜ் 40, விளக்கும் தொலைக்காட்சியும் மற்றவையும் 60, துணி துவைத்தல், அரைத்தல், இஸ்திரி ஆகியவை 25. ஆக 545 யூனிட். பில் 2,418 ரூபாய். அந்த மூன்று விசிறிகளை மட்டும் மாற்றினால் 115 யூனிட் குறைந்து 430 ஆகிறது; பில் 1,364 ரூபாய். வேறு ஒன்றையும் தொடாமல், ஒருவருடைய காற்றையும் குறைக்காமல், ஒவ்வொரு பில்லிலும் 1,054 ரூபாய் மிச்சம். ஒரு விசிறி மூவாயிரம் ரூபாய் ஆனாலும், ஒன்றரை ஆண்டில் மூன்றின் விலையும் திரும்பிவிடுகிறது. எல்லாமே மின்சாரமாகிவிட்ட வீட்டில் முதலில் செய்ய வேண்டிய செலவு எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதையே சொல்வேன்.

அதே குடும்பத்துக்குச் சித்திரை, வைகாசி வந்துவிடுகிறது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடுவதால் வெந்நீர்ச் செலவு போய், பழைய விசிறிகளோடு 495 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பில் 1,773 ரூபாய் 50 காசு. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று இரவில் எட்டு மணி நேரம் ஓடி ஆறு யூனிட் வீதம் 360 யூனிட்டைச் சேர்த்தால், மொத்தம் 855. பில் 5,347 ரூபாய் 50 காசு. ஏ.சி.யின் யூனிட் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய பத்து ரூபாய் கொடுக்கிறோம். இங்கே விசிறிகளை மாற்றியும், 22 டிகிரியில் வைத்திருந்த ஏ.சி.யை 26-க்கு உயர்த்தி விசிறியை அதோடு மெதுவாகச் சுழலவிட்டும் பார்த்தால், ஒரு டிகிரிக்கு நூற்றுக்கு ஆறு வீதம் குறையும் என்று எரிசக்தித் திறன் செயலகம் சொல்லும் கணக்குப்படி, மொத்தம் 655-க்கு அருகில் வருகிறது. பில் 3,400 ரூபாய். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரையுள்ள ஏ.சி.கள் யாவும் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி விதி செய்யப்பட்டிருக்கிறது. அதைக் கீழே இறக்குவது நாமேதான். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த மேல்மாடிக் கான்கிரீட் இரவெல்லாம் அதை அறைக்குள் கக்கிக்கொண்டிருக்கும். தளத்தின்மேல் வெள்ளை ஓடு பதிப்பதும், மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறம் ஒரு தட்டியோ மூங்கில் திரையோ கட்டுவதும் ஏ.சி.யின் வேலையை அது தொடங்குமுன்பே குறைக்கும். வெளியே கட்டும் திரை, உள்ளே போடும் திரைச்சீலையைவிட எவ்வளவோ மேல். வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட பிறகு அதைத் தடுத்துப் பலனில்லை.

மிக்ஸியைப் பற்றியும் கிரைண்டரைப் பற்றியும் வீணாகக் கவலைப்படுகிறவர்கள் உண்டு. மேஜைக் கிரைண்டர் அரை மணி நேரம் மாவாட்டினால் 0.075 யூனிட், பத்தாவது பங்குகூட இல்லை. செல்பேசிச் சார்ஜர்களையும் மறந்துவிடலாம். மறக்கக்கூடாதவை, கண்ணுக்குத் தெரியாமல் இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருப்பவை: டி.வி. அணைந்த பிறகும் உயிரோடிருக்கும் செட்டாப் பெட்டி, பழைய பேட்டரியை விடாமல் சார்ஜ் செய்துகொண்டிருக்கும் இன்வெர்ட்டர், விருந்தினர் அறையில் காலியாக ஓடும் இரண்டாவது பிரிட்ஜ்.

இவற்றைக் கண்டுபிடிக்க எந்த மீட்டரும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. வாசலில் மாட்டியிருப்பதே போதும். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் அருகிலேயே, ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். 3,200 என்று போட்டிருந்தால், 1,000 வாட் சாதனம் ஓடும்போது ஒரு வினாடிக்குச் சற்று அதிகமான இடைவெளியில் ஒரு முறை மினுக்கும். இரவு எல்லாரும் படுத்த பிறகு, விசிறியும் ஏ.சி.யும் உட்பட எல்லாச் சுவிட்சுகளையும் சில நிமிஷங்கள் அணைத்து, பிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, கடிகாரத்தோடு அந்த விளக்கின் முன் நின்று பாருங்கள். பத்து வினாடிக்கு ஒரு முறை அது மினுக்கினால், ஒன்றுமே ஓடாத வீட்டில் 112 வாட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதத்தில் அது 160 யூனிட்டுக்கு மேல். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டே வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும், மெயினில் உள்ள சர்க்கியூட் பிரேக்கர்களைத் தவிர மற்றவை அனைத்தும் ஓய்ந்த பிறகும், விளக்கு மினுக்கிக்கொண்டேயிருந்தால், வயரிங்கில் கசிவு இருக்கலாம். அது பணத்துக்கு மட்டும் உரிய விஷயமல்ல, உயிருக்கும் ஆபத்து. உடனே எலெக்ட்ரீஷியனை அழைத்துவிட வேண்டும்.

ரீடிங் எடுக்கும் தேதியும் ஒரு முக்கியமான விஷயம். நாளொன்றுக்கு 8.2 யூனிட் செலவழிக்கும் வீட்டில் அறுபதாம் நாள் கணக்கெடுத்தால் 492 யூனிட். பில் 1,754 ரூபாய் 60 காசு. கணக்கெடுப்பவர் மூன்று நாள் தாமதித்து வந்தால் 517 யூனிட். பில் 2,182 ரூபாய் 80 காசு. அடுத்த தவணை மூன்று நாள் குறையலாம். ஆனால் கைநழுவிய சலுகை அதனால் திரும்பி வருவதில்லை. கடந்த ரீடிங்கையும் தேதியையும் வெள்ளை அட்டையிலோ செல்பேசியிலோ பார்த்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டரைப் படித்துச் சமையலறை நாள்காட்டியில் எழுதிவரும் குடும்பம், நாற்பதாம் நாளிலேயே தான் எங்கே நிற்கிறது என்பதை அறிந்துகொள்ளும். கடைசி வாரத்தில் துணி இஸ்திரியையும் ஷவரையும் சற்று ஒத்திப்போட்டு ஐந்நூறுக்குள் நிற்பது அப்போது சாத்தியம். ஆனால் இந்தப் பொறுப்பு வீட்டுப் பெண்ணின் தலையில் மட்டும் விழுவதை நான் ஏற்கவில்லை. அடுப்பும் வெந்நீரும் வாஷிங் மெஷினும் அவளுடைய கையில் இருப்பதால் பில்லுக்கும் அவளே உத்தரவாதம் என்று ஆகிவிடுகிறது. இரவெல்லாம் 20 டிகிரியில் உறங்குகிறவர் யார் என்று கேட்பாரில்லை. நாள்காட்டியில் எழுதும் வேலையை ஏ.சி.யின் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே ஒப்படைப்பது நியாயம்.

மாதந்தோறும் கணக்கெடுத்துவிட்டால் பில் பாதியாகிவிடும் என்று ஓர் அபிப்பிராயம் பரவியிருக்கிறது. 2021 தேர்தலில் தி.மு.க. அளித்த வாக்குறுதிகளிலும் மாதாந்திரக் கணக்கெடுப்பு இடம்பெற்றிருந்தது. அதை நானும் வரவேற்கிறேன். தன் செலவை முப்பது நாளிலேயே அறிந்துகொள்வது நல்லதுதானே. ஆனால் படிகளின் எல்லைகளும் பாதியாகக் குறைக்கப்பட்டால், அதனால் பணம் மிச்சமாகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மிதமான ஒரு மாதத்தில் 200 யூனிட்டும் வெயில் மாதத்தில் 400 யூனிட்டும் செலவழித்த வீடு, இப்போது இரண்டும் சேர்ந்து 600 யூனிட்டுக்கு 2,880 ரூபாய் கட்டுகிறது. தனித்தனியே கணக்கிட்டால் 2,972 ரூபாய் 50 காசு ஆகும். உண்மையான அநியாயம் வேறிடத்தில் இருக்கிறது. படிகள் இணைப்புக்கு உரியவையே தவிர, தலைக்கு உரியவை அல்ல. தனியாக ஏ.சி. போட்டுக்கொண்டு 480 யூனிட் செலவழிக்கும் ஒருவருக்குச் சலுகை நிலைக்கிறது. தாத்தா, பாட்டி, பேரக்குழந்தைகளென்று ஏழு பேர் சேர்ந்து வாழ்ந்து, அதே ஒரு மீட்டரில் சமைத்தும் குளித்தும் 520 யூனிட் ஆகிவிட்ட கூட்டுக் குடும்பத்துக்கு அது பறிபோகிறது. ஐந்நூறில் இருக்கும் அந்த ஒற்றைப் பள்ளத்தையாவது, சலுகை ஒரேயடியாக அறுந்துபோகாமல் சிறுகச் சிறுகக் குறையும்படி, சரிவாக்கிவிடலாம். கட்டண ஆணை பிறப்பிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும்போது ஜனங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே என்பது என் எண்ணம்.

சொந்த மொட்டைமாடி உள்ளவர்களுக்குச் சூரிய மின்சாரம் ஒரு பெரிய வரப்பிரசாதம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நம் வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் தரும். கூரையில் விளையும் யூனிட்டும் மேல் படியிலிருந்தே கழிவதால், எவ்வளவு பெரியதாகப் போடுவது என்பதற்கும் முன்சொன்ன கணக்கே வழிகாட்டி. 855 யூனிட் வீடு இரண்டு கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து, 5,347 ரூபாய்ப் பில் 1,057 ரூபாயாகிறது. விசிறியையும் ஏ.சி.யையும் முதலில் சீர்செய்து 655-க்கு இறங்கிவிட்ட வீட்டுக்கோ ஒரு கிலோவாட் போதும். அதன் பில் 1,270 ரூபாய். பலகைகளை விற்க வருகிறவர் இதைச் சொல்லமாட்டார். ஆகையால் விசிறிகளை மாற்றி, அதன் பிறகு வரும் இரண்டு பில்களைப் பார்த்துவிட்டு அவரை அழைப்பது நலம். அடுக்கு வீடுகளில் மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. அங்கே சங்கத்தின் கூட்டத்தில் இடத்தைப் பங்கிட்டுக்கொள்வதுதான் கம்பி இழுப்பதைவிடக் கடினமான காரியம்.

வாடகைக்குக் குடியிருப்பவர்களின் நிலை தனி. பல வீடுகளில் வீட்டுக்காரர் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது, பத்து என்று ஒரே விலையாக வசூலிக்கிறார். இலவச நூறும் சலுகைப் படிகளும் குடியிருப்பவரை வந்து சேர்வதேயில்லை. அவருக்கு முதல் யூனிட்டும் கடைசி யூனிட்டும் ஒரே விலை. அதுவும் உயர்ந்த விலை. ஆகவே கேஸா மின்சாரமா என்ற கேள்விக்கு, சிலிண்டர் 868 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவருக்குரிய விடை கேஸ்தான். இணைப்பு எடுக்க இயலாமற்போனால் மட்டுமே இண்டக்‌ஷன். பில்லின் நகலைக் காட்டும்படி கேட்க அவருக்கு நியாயம் உண்டு. சேவை எண் தெரிந்தால் மின்வாரியத்தின் இணையத்தளத்திலேயே கட்டிய தொகையைப் பார்த்துக்கொள்ளலாம். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் கொடுப்பவர் மூன்று பி.எல்.டி.சி. விசிறிகளைத் தம் செலவிலேயே மாட்டினாலும், பில் ஒவ்வொன்றிலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிஞ்சும். கழற்றிய பழைய விசிறிகளைத் துடைத்துப் பரணில் ஏற்றி வைத்திருந்தால், வீட்டைக் காலி செய்யும் நாளில் அவற்றையே திரும்ப மாட்டிவிட்டுப் புதியவற்றை அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.